கோலுக்குப் பின்னால்

"புளோரிடாவை விட்டுட்டு ஆரும் பனிக்குள்ளை போவினமே? உன்ர மகளுக்கு விசரே, பியட்றிஸ்?"

கோசலை அக்கா கேட்டது கடை முழுக்கக் கேட்டது. சனிக்கிழமை மத்தியானம் பாரிஸ் லா சப்பலில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்குள் கதைக்கிற எதுவும் இரகசியமாக இருக்க வழியில்லை. முருங்கைக்காயோடு ஒருத்தர், அரிசி மூட்டையோடு ஒருத்தர், நடுவில் தள்ளுவண்டிலோடு பிள்ளைத்தாச்சி ஒருத்தி. காசு வாங்கும் மேசையில் பியட்றிஸ் இருந்தாள். பன்னிரண்டு வருசமாக அந்தக் கதிரை அவளுடையதுதான்.

"விசரில்லை அக்கா. அவள் யோசிச்சுத்தான் சொல்லுறாள்."

"என்னத்தை யோசிச்சவள்? இஞ்சை ரெண்டு நாள் பனி கொட்டினதுக்கே பஸ் ஓடேல்லை. அங்கை கழுத்தளவுக்குக் கொட்டுமாம். அதுக்குள்ளை பந்தைத் தேடிப் பிடிக்கிறதோ?"

மேல் தட்டில் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த முதலாளி மகேந்திரராசா ஏணியில் நின்றபடியே திரும்பினார். "புளோரிடாவிலை பந்தடிக்க மட்டும் ஏழு மைதானமாம் அக்கா. பிள்ளையின்ர பேரை எழுதின அலுமாரியைக் கூடப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கிறாங்கள். இன்னும் போகேல்லை, அதுக்குள்ளை அலுமாரி! நான் இந்தக் கடைக்கு முதலாளி, எனக்கு ஒரு லாச்சி இல்லை."

"நீங்கள் பந்து பிடிச்சனீங்களே அண்ணை?" என்றாள் பியட்றிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். பியட்றிசும் சிரித்தாள். இந்த மூன்று கிழமையாக இப்படித்தான். அவளுடைய மகள் எந்தக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்பதை லா சப்பலே கூடி முடிவெடுத்துக்கொண்டிருந்தது.

மகள் மதலேனுக்குப் பதினெட்டு வயது. பாரிசுக்கு வெளியே திரான்சியில் பெண்பிள்ளைகளின் உதைபந்து அணியில் கோல் காக்கிறவள், பிரெஞ்சில் கார்தியன். முதன்முதல் இந்தச் செய்தியைச் சொன்னபோது, "கார்தியன் எண்டால் கட்டடத்திலை படி கூட்டுறவையெல்லே?" என்று கோசலை அக்கா கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். போன ஏப்ரலில் நடந்த ஒரு சுற்றுப்போட்டிக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் பிள்ளை பிடிக்க வந்திருந்தார்கள். அங்கே நன்றாக விளையாடுகிற பிள்ளைக்குப் படிப்பும் சாப்பாடும் படுக்கையும் சும்மா. மூன்று பேர் மதலேனைக் கேட்டார்கள். ஒன்று புளோரிடா, ஒன்று ஒகாயோ. மூன்றாவது பஃபலோ என்கிற நகரத்துக்குக் கிட்ட, ஆரும் கேள்விப்பட்டிராத ஒரு சின்ன ஊர். போன வருசம் பாதி ஆட்டத்துக்கு மேல் தோற்ற அணி அது. மதலேன் அதைத்தான் வேண்டுமென்றாள்.

ஒப்பந்தத் தாளை அனுப்பப் புதன்கிழமை கடைசி நாள். இருபத்தொரு வயதுக்குக் கீழ் என்றால் தாய் தகப்பனில் ஒருத்தர் கையெழுத்து வைக்கவேண்டுமாம். மதலேன் தன் பெயரை எழுதி முடித்துவிட்டாள். அதற்குக் கீழே ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கோட்டில் எழுதினால், மார்க்ஸ் டோர்மோய் பக்கத்து வீட்டின் ஒன்றரை அறைக்குள் பியட்றிஸ் ஒருத்தி மட்டும். எழுதாவிட்டால் பிள்ளை வீட்டில் இருப்பாள். ஆனால் என்ன முகத்தோடு இருப்பாள்?

"சரி, மைதானத்தை விடு," என்றாள் கோசலை அக்கா. "எங்கட ஆக்கள் ஆர் அங்கை இருக்கினம்? ஒரு காய்ச்சல் தலையிடி எண்டால் கஞ்சி வைச்சுக் குடுக்க ஆரும் வேணும். ஒகாயோவிலை எங்கட இராஜேந்திரன் டொக்டர் இருக்கிறார். உந்தப் பனி ஊரிலை ஆர்?"

"ஒருத்தருமில்லை அக்கா."

தக்காளிப் பெட்டியடியில் நின்ற ரோசாலி தலையை நிமிர்த்தினாள். பக்கத்து நகைக்கடையில் வேலை செய்கிறவள், பியட்றிசின் சிநேகிதி. "பஃபலோவே? நில், நில். அது ரொறொன்ரோவுக்குப் பக்கத்திலையெல்லே? அண்ணை எங்களை நயகரா காட்டக் கூட்டிக்கொண்டு போகேக்கை ஒரு பாலம் வந்தது. பாலத்துக்கு இங்காலை கனடா, அங்காலை அமெரிக்கா. அங்காலைதான் பஃபலோ எண்டு போர்ட் போட்டிருந்தது. கார்ல ரெண்டு மணித்தியாலம் வராது."

"அப்பிடிச் சொல்லு!" கோசலை அக்கா மேசையில் தட்டினாள். "பிள்ளை தகப்பனுக்குக் கிட்டப் போறாள். அதையேன் மறைச்சு வைச்சிருந்தனி? ஸ்ரனிஸ்லாசின்ர பேப்பர் அலுவல் என்ன மாதிரி இப்ப?"

"நடக்குது அக்கா."

வாய் தன்பாட்டில் சொன்னது. ஒன்பது வருசமாக ஒரே பதில்.

"பியட்றிஸ், கறிவேப்பிலையைப் பில்லிலை ரெண்டு தரம் அடிச்சிட்டாய்," என்றாள் கோசலை அக்கா.

*

ஸ்ரனிஸ்லாஸ் கனடாவுக்குப் போனது 2009ஆம் ஆண்டு ஆவணியில். ஒரு ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் விட்டான். "ஆறு மாசம். ஆறே மாசத்திலை ரெண்டு பேரையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவன்," என்றார். முதல் வருசம் ஞாயிறுக்கு ஞாயிறு ரெலிபோன். பிறகு மாதத்துக்கு ஒருக்கால். பிறகு நத்தாருக்கு மட்டும். பிறகு நத்தாரும் வந்து வந்து போனது, அவர் எடுக்கவில்லை. ரோசாலியின் அண்ணன் ஒருமுறை அவரை அங்கே கண்டதாகச் சொன்னான். "சுகமா இருக்கிறார்," என்று சொல்லிவிட்டுக் கதையை வேறு பக்கம் திருப்பினான். பியட்றிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்கிற பயம்.

ஆனால் காத்திருப்பதை நிறுத்தவுமில்லை. "கனடா ஸ்பொன்சர் வாற நேரம் பிரெஞ்சு நஷனலிற்றே எடுத்தால் எல்லாம் குழம்பும், பொறுத்திரு," என்று ஆரோ கடையில் ஒரு நாள் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் குடியுரிமை எடுத்து, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு இந்தியாவுக்கும் லண்டனுக்கும் போய்வந்தார்கள். அவளிடம் இன்னும் பத்து வருச வதிவிடக் கார்ட்தான் இருந்தது. இங்கே பிறந்த மதலேன் பதின்மூன்று வயதிலேயே குடியுரிமை எடுத்துவிட்டாள். பாஸ்போர்ட் படத்துக்குக் கூட அணியின் மேற்சட்டையோடு போய் நின்றவள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு மதலேன் திரான்சியிலிருந்து வந்தாள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சேறு. சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே சட்டி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"நண்டே? மக்கறோனி அவிச்சீங்களோ?"

"அவிச்சிருக்கு. காலைக் கழுவிப்போட்டு வா."

நண்டுக் குழம்பும் மக்கறோனியும் இந்த வீட்டில் மட்டும் செல்லுபடியாகிற சாப்பாடு. மதலேன் கதிரையில் காலை மடித்துக்கொண்டு சாப்பிட்டாள். பியட்றிஸ் சாப்பிடவில்லை.

"பிள்ளை, உன்னை ஒண்டு கேக்கட்டே? ஏன் அந்த இடம்?"

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன் அம்மா. கோச் நல்லவ. முதல் வருசமே விளையாட விடுவா. புளோரிடாவிலை எனக்கு முன்னாலை ரெண்டு கோலி நிக்கினம், நான் ரெண்டு வருசம் விளையாடாமல் வெளியிலை வாங்கிலை இருக்கோணும்."

"அது உண்மைதானோ?"

"உண்மை."

கோச்மாரோடு கொம்பியூற்றரில் கதைத்தபோதெல்லாம் பியட்றிசும் பக்கத்தில் இருந்தவள். சேலை கட்டிக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு. புளோரிடாக்காரன் மைதானத்தையும் அலுமாரியையும் காட்டினான். ஒகாயோக்காரன் தாயிடம் நேரே கேட்டான், உங்களுக்கு என்ன கவலை என்று. "இவள் நேரத்துக்குச் சாப்பிட மாட்டாள் எண்டு சொல்லு," என்றாள் பியட்றிஸ். அவன் சிரித்து, தானே பக்கத்திலிருந்து சாப்பிட வைப்பதாக நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். பஃபலோப் பக்கத்துக் கோச் ஒரு பொம்பிளை, நரைத்த தலை. அவள் சிரிக்கவுமில்லை, ஒன்றும் காட்டவுமில்லை. மதலேன் கோல் வாங்கிய படத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு ஏதோ கேட்டாள். பிறகு மேசையை விட்டு எழும்பும்போது மதலேனின் முகம் சிவந்திருந்தது. அந்தப் பொம்பிளையை இவள் இனித் திரும்பிப் பாராள் என்றுதான் பியட்றிஸ் அன்றைக்கு நினைத்தாள்.

"ரோசாலி சொல்லுறாள், அந்த ஊருக்கும் ரொறொன்ரோவுக்கும் நடுவிலை ஒரு பாலம் மட்டுந்தானாம்."

மதலேனின் கை நண்டுக் காலில் நின்றது.

"பிள்ளை. என்னைப் பாத்துச் சொல்லு."

"எழுதினனான்," என்றாள் மதலேன். "அப்பாவுக்கு. பேஸ்புக்கிலை தேடிப் பிடிச்சன். செப்டெம்பரிலை."

"ஐஞ்சு மாசம்."

"ஓம்."

"பதில் போட்டவரே?"

"அண்டைக்கே போட்டவர்." மதலேன் பிரெஞ்சுக்கு மாறினாள். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்குப் பிரெஞ்சுதான். "நான் அங்கே வந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவேன் என்றார். முந்திப்போல கோலுக்குப் பின்னால் நிற்பேன் என்றார்."

முந்தி என்றால், அவளுக்கு ஏழு, எட்டு வயதாக இருந்த காலம். சனிக்கிழமைகளில் ஸ்ரனிஸ்லாஸ் அவளைத் திரான்சி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். மற்றத் தாய் தகப்பன்மார் எல்லைக் கோட்டோரம் நின்று கத்துவார்கள். இவர் மட்டும் கோலுக்குப் பின்னால் போய் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "முன்னுக்கு வா. இடப்பக்கம். நில், நில், இப்ப பாய்!" பந்தைப் பிடித்தவுடனே பிள்ளை திரும்பிப் பார்க்கும். அவர் பெருவிரலைக் காட்டுவார்.

அவர் போய் ஒன்பது வருசமாகியும் பந்தைப் பிடித்ததும் அவள் திரும்பிப் பார்ப்பதைப் பியட்றிஸ் கண்டிருக்கிறாள். அணிக்காரப் பிள்ளைகள் அதை அவளுடைய ஸ்ரைல் என்று நினைத்தார்கள்.

"அவர் வரமாட்டார், மதலேன்."

"உங்களுக்கு அவரைப் பிடிக்காது."

"பிடிக்காட்டில் ஒன்பது வருசம் தாலியோடை இருப்பனே?"

"அது எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊருக்குச் சொல்லுறதைத்தான் எனக்கும் சொன்னனீங்கள். பேப்பர் அலுவல் நடக்குது, பேப்பர் அலுவல் நடக்குது."

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தண்ணீர் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

*

திங்கட்கிழமை கடையில் சனம் குறைவு. மூன்று மணிக்குப் பியட்றிஸ் பின்னறைக்குப் போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் இருந்தாள். அங்கே காலை ஒன்பது மணி. இலக்கத்தை ரோசாலியின் அண்ணனிடம் வாங்கியிருந்தாள். அவன் தருவதற்கு முன் இரண்டு தரம் கேட்டான், கட்டாயம் வேணுமோ தங்கச்சி என்று.

"ஹலோ?"

"நான்."

"பியட்றிசே? நீர்... எப்பிடி இருக்கிறீர்?"

ஆள் போனாலும் அந்த 'நீர்' போகவில்லை.

"நான் இருக்கிறன். பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"என்ன சொன்னனான்? சந்தோசம் எண்டு சொன்னனான். நல்லாப் படி எண்டு..."

"மாட்ச்சுக்கு வாறன் எண்டு சொன்னீங்களாம். ஒவ்வொரு மாட்ச்சுக்கும்."

"ஓம், அது பிள்ளை ஆசையாக் கேட்டது."

"வருவீங்களோ?"

"பாப்பம். ஒரு வழி வரும்."

"இஞ்சாருங்கோ. எனக்குப் புதன்கிழமை கையெழுத்து வைக்கோணும். பாப்பம் எண்டு என்னட்டைச் சொல்லாதேங்கோ. வருவீங்களோ, மாட்டீங்களோ?"

அவர் குரல் தாழ்ந்தது. "என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ரெண்டு தரம் இல்லை எண்டிட்டாங்கள், இப்ப மூண்டாந்தரம் போட்டிருக்கு. நான் எல்லையைத் தாண்டினால் திரும்ப உள்ளுக்கு விடமாட்டாங்கள். பாலத்தடி வரைக்கும் வரலாம். அதுக்கு அங்காலை ஏலாது."

"அப்ப ஏன் வாறன் எண்டு சொன்னனீங்கள்?"

"இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை, பியட்றிஸ்."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தூரத்திலிருந்து ஓடிவருகிற காலடி, பிறகு, "அப்பா! சப்பாத்துக் கட்டிவிடுங்கோ! நேசறிக்குப் பிந்திப்போச்சு!"

அவர் ரெலிபோனைக் கையால் பொத்தினார். பொத்தினாலும் கேட்டது. இந்தா வாறன் ராசா.

முன்னறையில் ஆரோ மணியடித்தார்கள். மகேந்திரராசா, "பியட்றிஸ், ஆள் நிக்குது!" என்று கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

"எத்தினை வயசு?" என்று கேட்டாள்.

"...நாலு."

"சப்பாத்தைக் கட்டிவிடுங்கோ. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தப்போகுது."

வைத்துவிட்டாள். எழும்பும்போது சட்டை முழுக்க அரிசிமா ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்து, ஒருத்தருக்கு இரண்டு தேங்காயும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் அடித்துக் கொடுத்தாள். மிச்சக் காசையும் சரியாகவே கொடுத்தாள்.

*

அன்றிரவு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை போகாது. ஒரு வசனம் போதும். உனக்கொரு தம்பி இருக்கிறான் என்றால், மதலேன் அந்தத் தாளை நாலாகக் கிழிப்பாள், இந்த வீட்டிலேயே இருப்பாள், பாரிசிலேயே ஏதும் படிப்பாள். பின்னேரங்களில் சட்டி மூடியைத் திறந்து பார்க்க ஒரு ஆள் இருக்கும்.

எவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைத்தபோதுதான் பியட்றிசுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. சொல்லாமல் விட்டாலும் பிழை. ஆறாயிரம் கிலோமீற்றர் தள்ளிப் போய், தனியாக அவர் வீட்டு வாசலில் நின்று, பிள்ளை அதை அங்கே அறிய வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மதலேன் லிசே பள்ளிக்கூடமும் பயிற்சியும் முடித்து வந்து பையைப் போட்டதும், "இரு," என்றாள் பியட்றிஸ்.

"கையெழுத்தோ?"

"இரு முதல். அப்பாவோடை கதைச்சனான்."

மதலேன் இருந்தாள்.

"அவராலை மாட்ச்சுக்கு வர ஏலாது. கேஸ் முடியேல்லை. எல்லையைத் தாண்டினால் திரும்பி வர ஏலாது."

"தெரியும்."

"சொன்னவரே?"

"அவர் ஏன் சொல்லுறார்? அம்மா, பத்து வயசிலையிருந்து விசா அலுவலா உங்களுக்கு வாற பிரிபெக்சர்க் கடுதாசியெல்லாம் ஆர் வாசிச்சுச் சொல்லுறது? கேஸ் முடியாத ஆள் எங்கை போகலாம், எங்கை போகேலாது எண்டு எனக்குத் தெரியாதே? அவர் வாறன் எண்டு எழுதேக்கையே தெரியும் பொய் எண்டு."

"தெரிஞ்சுகொண்டு ஏன் அங்கை?"

"அவராலை வர ஏலாட்டி நான் போவன். என்ர பாஸ்போர்ட் அந்தப் பாலத்தைத் தாண்டும்." நகத்தைக் கடித்தாள். "அந்தக் கோச் என்ன கேட்டவ தெரியுமோ? பந்தைத் தட்டிவிட்டதும் ஏன் பின்னுக்குத் திரும்புறாய், அங்கை ஆர் நிக்கினம் எண்டு கேட்டவ. ரெண்டு கோல் அப்பிடித்தான் வாங்கியிருக்கிறன். நான் திரும்பிப் பாக்கிற நேரம் பந்து திரும்பி வருது. இத்தினை வருசத்திலை ஒருத்தரும் அதைக் காணேல்லை. அவ ஒரு படத்திலையே கண்டவ." பிரெஞ்சில் தொடர்ந்தாள். "ஒருமுறை அவரைப் பார்க்கவேண்டும், அம்மா. பார்த்தால் முடிந்துவிடும். பிறகு பந்தைப் பார்ப்பேன்."

தாள் மேசையில்தான் இருந்தது. பியட்றிஸ் அதன் ஒரு மூலையை விரலால் நீவினாள்.

"இன்னொண்டு இருக்கு. இதைக் கேட்டுப்போட்டுச் சொல்லு, போறியோ இல்லையோ எண்டு."

"என்ன?"

"அங்கை ஒரு சின்னப் பெடியன் இருக்கிறான். அவரை அப்பா எண்டு கூப்பிடுறான். நாலு வயசு."

கீழே வீதியில் குப்பை வண்டி வந்து நின்று, பெட்டிகளைத் தூக்கிக் கொட்டி, அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்தது. இது பிள்ளைக்குத் தெரியாத விசயம். முகம் சொன்னது. ஐந்து மாதம் தகப்பன் எழுதியதில் எங்கேயும் அந்தப் பெடியன் இருக்கவில்லை.

"பேரென்ன?" என்றாள் கடைசியில்.

"கேக்கேல்லை."

"பந்தடிப்பானோ?"

"சப்பாத்தே கட்டத் தெரியாது."

மதலேன் சிரிக்கப்போனாள், அது வேறு மாதிரி முடிந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்தாள். பியட்றிஸ் கையை நீட்டி அவளுடைய தலையைத் தடவினாள். மயிர் ஈரமாக, புல் மணத்தோடு இருந்தது. வேண்டாம் என்று இவள் இப்போது சொல்லட்டும் என்று ஒரு மனம் கேட்டது. கேட்டதை மாதா மன்னிக்கட்டும்.

மதலேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பேனை எங்கை?"

"இன்னும் அங்கையோ?"

"ஓம்."

"ஏன் பிள்ளை? இனி அங்கை என்ன இருக்கு?"

"கோச் சொன்னது சரிதானே. நான் திரும்பிப் பாக்கிறது பிழை. அதைத் திருத்தத் தெரிஞ்ச ஆள் அவதானே அம்மா."

பியட்றிஸ் கையெழுத்து வைத்தாள். தமிழில்தான் அவளுக்குக் கையெழுத்து. அமெரிக்காக்காரருக்கு விளங்குமோ என்று கேட்டாள்.

"விளங்கத் தேவையில்லை," என்றாள் மதலேன். "கோட்டுக்கு மேலை இருந்தால் காணும்."

*

ஆவணி மாதம் பிள்ளை போனது. முதல் கிழமை பியட்றிஸ் பழக்கத்தில் இரண்டு பேருக்கு மக்கறோனி அவித்து, மிச்சத்தை அடுத்த நாள் கடைக்குக் கொண்டுபோனாள். பிறகு அளவு பிடிபட்டது.

புரட்டாதியில் ஒரு நாள் மதலேன் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தாள். அன்றைக்கு ரெலிபோனில், "பாத்தனான். மெலிஞ்சு போனார்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தம்பியின்ர பேர் அலெக்சிஸ்," என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கோசலை அக்கா வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப தகப்பன் மாட்ச் பாக்கப் போறவரே? பேப்பர் அலுவல் என்ன மாதிரி?"

பியட்றிஸ் வாயைத் திறந்தாள். பழைய பதில் அங்கேயே இருந்தது.

"இல்லை அக்கா. அவருக்கு அங்கை குடும்பம் இருக்கு."

ஏணியில் நின்ற மகேந்திரராசா பருப்புப் பையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கோசலை அக்கா வெண்டிக்காயைப் பைக்குள் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு, "எடி, இவ்வளவு நாளும் தனியவே வைச்சுக்கொண்டு இருந்தனி?" என்றாள், கடைக்குக் கேட்காத குரலில். அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது பியட்றிசுக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஒரு மணிக்கு ஆட்டம், இங்கே ஏழு மணி. பியட்றிஸ் ரெலிபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் நஷனலிற்றே விண்ணப்பம். ரோசாலிதான் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தாள். பெயர், பிறந்த இடம், வந்த திகதி எல்லாம் எழுதியாகிவிட்டது. குடும்ப நிலை என்ற இடத்தில் நாலைந்து சதுரம். ஒன்றில் புள்ளடி போடவேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்த பக்கத்தை நிரப்பியிருந்தாள்.

அங்கே மழை. படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. மஞ்சள் சட்டையோடு மதலேன் சின்னதாகத் தெரிந்தாள். நாற்பதாவது நிமிசம் எதிரணிப் பிள்ளை ஒருத்தி தனியாக உள்ளே வந்து அடித்தாள். மதலேன் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். பந்து மழைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பவும் வந்தது. இன்னொருத்தி அடிக்கக் காலைத் தூக்குவதற்குள் மதலேன் எழும்பி, பந்தின்மேல் விழுந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் திரும்பவில்லை.

கோலுக்குப் பின்னால் பார்த்தது பியட்றிஸ்தான். ஒரு கம்பிவேலி, அதில் கொழுவியிருந்த ஆருடையதோ குடை, அதற்கப்பால் ஒரு மரம்.

பேனையை எடுத்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பிச் சதுரங்களைப் பார்த்தாள். கலியாணம் முடித்தவர் என்றதைக் கடந்து போனாள். அதற்கடுத்த இரண்டு பிரெஞ்சுச் சொல்லும் அவளுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. பிரிந்தவர் என்பது இதுவா, மற்றதா?

"பிள்ளை, இதிலை எது..." என்று அறைப் பக்கம் திரும்பினாள்.

அறைக் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் மடித்து வைத்த போர்வை. ரெலிபோனுக்குள் ஆரோ விசில் ஊதினார்கள். பியட்றிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, அந்த இரண்டு சொல்லையும் எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.